ஊரடங்குக் காலத்துக் காற்றைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து அளப்பது எப்படி?

2020ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் நாசா வெளியிட்ட இரண்டு வரைபடங்கள் உலகெங்கும் பகிரப்பட்டன. ஜனவரி 1 முதல் 20 வரையிலான படத்தில் சீனாவின் கிழக்குப் பகுதி முழுவதும் அடர்நிறத்தில் படர்ந்திருந்த நைட்ரஜன் டை ஆக்சைடு, பிப்ரவரி 10 முதல் 25 வரையிலான படத்தில் பெரும்பாலும் மறைந்திருந்தது. வூகான் நகரம் ஜனவரி 23 அன்று மூடப்பட்டதால்தான் இந்த மாற்றம் என்று பலரும் உடனே எழுதினார்கள். ஆனால் சீனப் புத்தாண்டு அவ்வாண்டு ஜனவரி 25 அன்று வந்தது. ஆண்டுதோறும் அந்த விடுமுறையில் ஆலைகள் மூடப்படுவதால் இந்த வாயுவின் அளவு குறைவதும், விடுமுறை முடிந்ததும் மீண்டும் ஏறுவதும் வழக்கம். 2020இல் அது ஏறவில்லை என்பதே உண்மையான செய்தி. முந்தைய ஆண்டின் அதே நாட்களையும் அருகில் வைத்துப் பார்த்ததால்தான் நாசா ஆய்வாளர்களால் அதைச் சொல்ல முடிந்தது.

இத்தகைய படத்தை இன்று ஒரு கல்லூரி மாணவரோ, பள்ளி ஆசிரியரோ, செய்தியாளரோ வீட்டுக் கணினியிலேயே உருவாக்கிவிடலாம். தரவு இலவசமாகக் கிடைக்கிறது, மென்பொருளும் இலவசம். கடினமானது வேறொன்று: எதை எதனோடு ஒப்பிடுவது என்று தீர்மானிப்பது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எடுத்துக்காட்டாக, 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய இந்திய ஊரடங்கையும் சென்னை நகரையும் எடுத்துக்கொள்கிறேன். தேவைப்படும் இடங்களில் தில்லியும், நிலக்கரி மின்நிலையங்கள் உள்ள நெய்வேலியும் சிங்க்ரௌலியும் வரும்.

எந்த வாயுவைத் தேர்ந்தெடுப்பது

முதல் முயற்சிக்கு நைட்ரஜன் டை ஆக்சைடையே தேர்ந்தெடுங்கள். வாகன எஞ்சின்களிலும் அனல்மின் நிலையக் கொதிகலன்களிலும் உயர்வெப்பத்தில் எரிபொருள் எரியும்போது நைட்ரிக் ஆக்சைடு உருவாகி, காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து விரைவில் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுகிறது. கோடைப் பகலில் அதன் ஆயுள் சில மணி நேரம்தான். குளிர்காலத்தில் அது ஏறத்தாழ ஒரு நாள் வரை நீள்கிறது. பிறந்த இடத்திலிருந்து அதிக தூரம் போவதற்குள் அழிந்துவிடுவதால், நகரம், நெடுஞ்சாலை, மின்நிலையம் ஆகியவை படத்தில் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிகின்றன. போக்குவரத்து நின்றால் அடுத்த நாளே அளவு குறைகிறது. கார்பன் மோனாக்சைடு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் காற்றில் தங்குவதால், உள்ளூர் மாற்றம் அதில் மங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடோ நூற்றாண்டுக் கணக்கில் தங்குவது. 2020இல் உலகின் புதைபடிவ எரிபொருள் உமிழ்வு ஏறக்குறைய 5 விழுக்காடு குறைந்தும், காற்றிலுள்ள மொத்த அளவு தொடர்ந்து உயரவே செய்தது. கந்தக டை ஆக்சைடு பெரிய நிலக்கரி மின்நிலையத் தொகுப்புகளின் மேல் மட்டுமே தெளிவாகத் தெரியும். மற்ற இடங்களில் அளவீட்டு இரைச்சலே மிகுதி.

செயற்கைக்கோள் உண்மையில் எதைப் பார்க்கிறது

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-5பி செயற்கைக்கோள் 2017 அக்டோபர் 13 அன்று ஏவப்பட்டது. அதிலுள்ள ட்ரோபோமி என்னும் நிறமாலைமானி, ஏறத்தாழ 824 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 2,600 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டையை ஒரே வீச்சில் பார்த்து, ஏறக்குறைய முழு உலகையும் நாள்தோறும் அளந்துவிடுகிறது. நிலத்தில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில் 405 முதல் 465 நானோமீட்டர் வரையிலான நீலப் பகுதியை நைட்ரஜன் டை ஆக்சைடு தனக்கே உரிய வகையில் உட்கவர்கிறது. அந்த உட்கவர்தலின் ஆழத்திலிருந்து, ஒளி கடந்துவந்த பாதையில் எத்தனை மூலக்கூறுகள் இருந்தன என்பது முதலில் கணக்கிடப்படுகிறது. பிறகு வளிமண்டலத்தின் மேலடுக்கான ஸ்ட்ராடோஸ்பியரில் இயற்கையாகவே இருக்கும் பங்கு கழிக்கப்படுகிறது. எஞ்சியது, தரையை ஒட்டிய கீழடுக்கில் (ட்ரோபோஸ்பியர்) நேர்செங்குத்தாக நிற்கும் ஒரு காற்றுத் தூணில் உள்ள அளவாக மாற்றித் தரப்படுகிறது.

தூண் என்ற சொல்லை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நாம் மூச்சிழுக்கும் உயரத்திலுள்ள செறிவைச் செயற்கைக்கோள் தருவதில்லை. தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரம் வரை உள்ள மொத்தத்தையே தருகிறது. குளிர்காலக் காலையில் கலப்படுக்கு, அதாவது தரையிலிருந்து எழும் மாசு கலந்து பரவும் காற்றடுக்கு, தாழ்ந்திருக்கும்போது தரையில் மாசு அடர்ந்திருக்கும். கோடைப் பகலில் அதே அளவு மாசு இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரம் வரை பரவி, தரையில் நீர்த்துப்போகும். இரண்டு நேரங்களிலும் தூணின் மொத்தம் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆகவே, ‘சென்னை மக்கள் சுவாசித்த நைட்ரஜன் டை ஆக்சைடு இத்தனை விழுக்காடு குறைந்தது’ என்று செயற்கைக்கோள் தரவை மட்டும் வைத்து எழுதக் கூடாது.

மற்றொரு வரம்பு நேரம். செயற்கைக்கோள் ஓரிடத்தைக் கடப்பது உள்ளூர்ச் சூரிய நேரப்படி பிற்பகல் ஒன்றரை மணியளவில். காலை ஒன்பது மணி நெரிசலையும் மாலை ஏழு மணி நெரிசலையும் அது பார்ப்பதே இல்லை. ஊரடங்கின்போது மிக அதிகமாக மாறியவை அந்த நெரிசல் நேரங்கள்தாம் என்பதால், போக்குவரத்தால் வந்த மாற்றத்தின் ஒரு பகுதி இந்த அளவீட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

ஒப்பிடும் நாட்களைத் தீர்மானித்தல்

தரவைத் தொடுவதற்கு முன்பே, எந்த நாட்களை எந்த நாட்களோடு ஒப்பிடப்போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். விடையைப் பார்த்த பிறகு நாட்களை மாற்றிக்கொண்டே போனால், நாம் விரும்பும் எண் கடைசியில் கிடைத்தே தீரும்.

இந்தியாவில் மக்கள் ஊரடங்கு 2020 மார்ச் 22 அன்று நடந்தது. தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு நடைமுறைக்கு வந்தது; நாடு தழுவிய ஊரடங்கு மார்ச் 25 அன்று தொடங்கியது. முதல் கட்டம் ஏப்ரல் 14 வரை 21 நாட்கள். இரண்டாம் கட்டம் மே 3 வரை 19 நாட்கள். இந்த 40 நாட்களை ஊரடங்குக் காலமாக எடுத்துக்கொள்வது பொருத்தமானது. மே 4க்குப் பிறகு தளர்வுகள் தொடங்கிவிட்டன; மே மாதத்தின் நடுப்பகுதியில் ஆம்பன் புயல் வங்கக் கடலின் காற்றோட்டத்தையே மாற்றியது. சென்னையில் ஜூன் 19 முதல் 30 வரை மீண்டும் முழு ஊரடங்கு இருந்ததே என்று தோன்றலாம். ஆனால் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். மேகமில்லாத நாட்கள் போதுமான அளவில் கிடைக்காமல் சராசரி தள்ளாடும்.

ஊரடங்குக்கு முந்தைய காலமாக 2020 பிப்ரவரி 15 முதல் மார்ச் 15 வரையிலான 30 நாட்களை வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 16க்குப் பிறகு பள்ளிகளும் திரையரங்குகளும் மூடத் தொடங்கியிருந்தன. மார்ச் 24 வரையிலான அந்த இடைப்பட்ட ஒன்பது நாட்களை இரு பக்கமும் சேர்க்காமல் விட்டுவிடுவதே நல்லது.

இந்த இரண்டு காலங்களை மட்டும் ஒப்பிடுவதுதான் மிகப் பரவலான தவறு. பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்கு வரும்போது வெயில் கூடுகிறது, காற்றின் திசை மாறுகிறது, வாயுவின் ஆயுள் குறைகிறது. ஊரடங்கே இல்லாத ஆண்டிலும் இந்த இரு காலங்களின் சராசரிகள் ஒன்றாக இருப்பதில்லை. வட இந்தியாவில் குளிர்காலத்தைக் கோடையோடு ஒப்பிட்டால் பிழை இன்னும் பெரிதாகும். ஐரோப்பிய விண்வெளி முகமை 2020 ஏப்ரலில் இந்தியாவுக்கென வெளியிட்ட படங்களில் ஒன்று ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலும், மற்றொன்று மார்ச் 25 முதல் ஏப்ரல் 20 வரையிலும் எடுக்கப்பட்ட சராசரி. படங்களைப் பார்த்த கண் பருவ மாற்றத்தையும் ஊரடங்கையும் பிரித்தறியாது. மும்பையிலும் தில்லியிலும் சுமார் 40 முதல் 50 விழுக்காடு குறைந்தது என்று அதனுடன் சொல்லப்பட்ட எண்ணோ முந்தைய ஆண்டின் அதே நாட்களோடு ஒப்பிட்டுப் பெறப்பட்டது. எண்ணை நம்பலாம், படத்தை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

சரி, முந்தைய ஆண்டுகளின் அதே நாட்களை எடுப்போம் என்றால், அங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. ட்ரோபோமியின் பொதுத் தரவு 2018 ஏப்ரல் இறுதியில்தான் தொடங்குகிறது. எனவே மார்ச் 25 முதல் மே 3 வரையிலான காலத்துக்குப் பெருந்தொற்றுக்கு முந்தைய முழு ஆண்டு 2019 ஒன்று மட்டுமே. ஓர் ஆண்டின் வானிலை இயல்பானதா என்பதை அந்த ஓர் ஆண்டைக் கொண்டே அறிய முடியாது. இதற்கு இரண்டு மாற்று வழிகள் உள்ளன. 2022க்குப் பிந்தைய ஆண்டுகளையும் ஒப்பீட்டில் சேர்ப்பது ஒன்று. 2004 ஜூலையில் ஏவப்பட்ட நாசாவின் ஆரா செயற்கைக்கோளிலுள்ள ஓமி கருவியின் நீண்ட தொடரைத் துணைக்கு அழைப்பது மற்றொன்று. ஓமியும் பிற்பகலில்தான் கடக்கிறது. ஆனால் அதன் ஒரு படப்புள்ளி நேர்கீழே பார்க்கும்போது 13க்கு 24 கிலோமீட்டர். சென்னை போன்ற நகரம் அதில் சில புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். மேலும் 2007 முதல் அதன் பார்வை வரிசைகளில் சில பழுதடைந்து, அப்பழுது பின்னர் விரிந்தும் இருப்பதால், அவ்வரிசைகளை நீக்கிய தரவையே பயன்படுத்த வேண்டும். நகரின் எண்ணைப் பெற ட்ரோபோமி, அந்தப் பருவத்தின் இயல்பான ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று அறிய ஓமி என்று வேலையைப் பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை.

தரவைப் பெறுதலும் வடிகட்டுதலும்

மென்பொருள் எழுதத் தெரியாதவர்கள் நாசாவின் ஜியோவானி இணையத்தளத்தில் தொடங்கலாம். வரைபடத்தில் ஒரு செவ்வகத்தை வரைந்து, நாட்களைக் குறிப்பிட்டு, ஓமியின் நாள்வாரி நைட்ரஜன் டை ஆக்சைடைத் தேர்ந்தெடுத்தால் சராசரி வரைபடமும் காலத்தொடரும் கிடைக்கும். ஓரளவு நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குக் கூகுள் எர்த் எஞ்சின் வசதியானது. அதில் ட்ரோபோமியின் கட்டமிடப்பட்ட தரவு 2018 ஜூன் 28 முதல் இருக்கிறது. தரம் குறைந்த புள்ளிகள் முன்கூட்டியே நீக்கப்பட்டும் இருக்கின்றன. முழுக் கட்டுப்பாடு வேண்டுவோர் ஐரோப்பாவின் புவிக் கண்காணிப்புத் திட்டமான கோப்பர்நிக்கஸின் தரவுத்தளத்தில் இலவசக் கணக்கொன்றைத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றின் மூலக் கோப்பையும் இறக்கிப் பைத்தான் நிரல்மொழியில் கையாளலாம். ஆய்வறிக்கையாகவோ கட்டுரையாகவோ வெளியிடும் நோக்கம் இருந்தால், மூன்றாவது வழியின் உழைப்பு வீண்போகாது.

மூலக் கோப்பைக் கையாளும்போது ஒவ்வொரு படப்புள்ளிக்கும் 0 முதல் 1 வரை ஒரு தரக்குறியீடு கொடுக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அது 0.75க்கு மேல் உள்ள புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடியவையும் பனி படர்ந்தவையும் கணக்கீடு பிழைத்தவையும் இதனால் விலகிவிடும். அதே சமயம், சுழிக்குக் கீழே எதிர்மறை எண்கள் வந்தால் அவற்றை நீக்கிவிடாதீர்கள். காற்றில் எதிர்மறை அளவில் வாயு இருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் தூய காற்றின் மேல் அளவீட்டு இரைச்சல் இரு பக்கமும் அலையும். கீழ்ப்பக்க அலையை மட்டும் வெட்டினால் சராசரி செயற்கையாக மேலேறும். ஊரடங்கால் மாசு குறைந்த காலத்தில் இந்தத் தவறு கூடுதலாகப் பாதிக்கும் என்பதால், நாம் தேடும் குறைவையே அது ஓரளவு விழுங்கிவிடும்.

அலகு மோல்/சதுர மீட்டர் என்றிருக்கும். பழைய ஆய்வுகளோடும் ஓமியோடும் ஒப்பிடச் சதுர சென்டிமீட்டருக்கு மூலக்கூறுகள் என்று மாற்ற வேண்டுமானால், 6.022-ஐ 10இன் 19ஆம் அடுக்கால் பெருக்கி, வரும் எண்ணால் பெருக்குங்கள்.

எல்லைச் செவ்வகத்தை வரைவதில் சென்னைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நகரின் நடுவிலிருந்து 20 கிலோமீட்டர் அளவில் வடக்கே எண்ணூரில் வட சென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் இருக்கின்றன. இடையில் மணலியின் தொழிற்சாலைகள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் செயற்கைக்கோள் கடக்கும் நேரத்துக்குள் பெரும்பாலும் கடற்காற்று தொடங்கிவிடுவதால், எண்ணூர்ப் புகை நிலத்தை நோக்கிச் சாய்ந்து, நகரின் வடமேற்குப் புறங்களின் மேல் காணப்படலாம். ஒரே பெரிய செவ்வகம் வரைந்தால், போக்குவரத்தின் வீழ்ச்சியும் மின்நிலையங்களின் மாற்றமும் கலந்து ஒரே எண்ணாக வரும். எனவே 13.0 முதல் 13.12 பாகை அட்சம் வரை நகரத்துக்கு ஒரு செவ்வகம், 13.18 முதல் 13.35 பாகை வரை எண்ணூர்ப் பகுதிக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிடுங்கள். இதைவிடச் சிறிதாக வெட்டுவதில் பொருளில்லை. ட்ரோபோமியின் படப்புள்ளி தொடக்கத்தில் 7க்கு 3.5 கிலோமீட்டராகவும், 2019 ஆகஸ்ட் 6 முதல் 5.5க்கு 3.5 கிலோமீட்டராகவும் இருக்கிறது. எர்த் எஞ்சின் அதை ஒரு கிலோமீட்டர்க் கட்டங்களாக அடுக்கித் தருவதால், தெருவளவு விவரம் கிடைப்பதாக மயங்கிவிடக் கூடாது. நுங்கம்பாக்கத்தையும் தியாகராய நகரையும் இந்தத் தரவு பிரித்துக் காட்டாது.

சராசரி எடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நல்ல நாட்கள் கிடைத்தன என்ற எண்ணிக்கையையும் ஒரு தனி வரைபடமாக எடுத்து வையுங்கள். ஒரு காலத்தில் 30 நாட்களும் மற்றதில் 8 நாட்களும் என்றிருந்தால் அந்த ஒப்பீடு நிற்காது.

பதிப்பு எண்ணைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும். செயற்கைக்கோளிலிருந்து வரும் ஒளி அளவீட்டை வாயுவின் அளவாக மாற்றும் கணக்கீட்டு முறை காலப்போக்கில் திருத்தப்படுகிறது. ட்ரோபோமியில் 2020 டிசம்பர்த் தொடக்கத்தில் மேக உயரத்தைக் கணிக்கும் முறை மாற்றப்பட்டது. 2021 ஜூலையில் மேலும் ஒரு பெரிய திருத்தம் வந்தது. புதிய முறையில் கணக்கிட்ட அளவுகள் பழைய முதற்பதிப்பை விட, மாசின் அளவையும் பருவத்தையும் பொறுத்து, 10 முதல் 40 விழுக்காடு வரை கூடுதலாக வருகின்றன. பழைய முறை மாசு மிகுந்த இடங்களைக் குறைவாகக் காட்டிக்கொண்டிருந்ததால் இத்திருத்தம் தேவைப்பட்டது.

விளைவை எண்ணிப் பாருங்கள். அன்றன்று வெளியான கோப்புகளை அப்படியே எடுத்து 2020 ஏப்ரலை 2022 ஏப்ரலோடு ஒப்பிடுபவர், காற்றில் நிகழாத ஓர் உயர்வையும் ஊரடங்கின் கணக்கில் எழுதிவிடுவார். அந்த உயர்வு ஊரடங்கின் விளைவுக்கு நிகரான அளவிலும் இருக்கக்கூடும். இதற்குத் தீர்வு, தொடக்கம் முதல் எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே முறையில் மறுகணக்கிடப்பட்டு, 2.4 என்ற பதிப்பு எண்ணோடு கோப்பர்நிக்கஸ் தளத்தில் கிடைக்கும் தரவைப் பயன்படுத்துவதுதான். எர்த் எஞ்சினைப் பயன்படுத்தினாலும் ஒவ்வொரு படத்தின் பண்புகளிலும் பதிப்பு எண் இருக்கும். அதை அச்சிட்டுப் பார்த்து, ஒப்பிடும் இரு காலங்களிலும் ஒன்றாகவே இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் 2019ஐயும் 2020 ஏப்ரலையும் தாண்டிப் போகாமல் நின்றுகொள்வதே நேர்மையான வழி.

இன்னொரு நுட்பமும் உண்டு. வாயு எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கும் என்ற ஊகத்தைக் கணக்கீட்டு முறை, ஒரு பாகைக்கு ஒரு பாகை கட்டங்களுள்ள வளிமண்டல மாதிரியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த மாதிரிக்கு ஊரடங்கு நடந்தது தெரியாது. தரையருகே வழக்கமான போக்குவரத்துப் புகை இருப்பதாகவே அது கருதும். இதனால் உண்மையில் நிகழ்ந்த குறைவு சற்றுச் சிறிதாகக் காட்டப்படலாம். இதைத் திருத்துவது வல்லுநர் வேலை. ஆனால் எண்ணை எழுதும்போது இந்தத் திசையில் ஒரு சாய்வு இருப்பதைக் குறிப்பிடலாம்.

வானிலையைப் பிரித்தெடுத்தல்

காற்று வேகமாக வீசினால் மாசு கலைந்து தூணின் அளவு குறையும். காற்று தேங்கினால் கூடும். வட அமெரிக்காவின் 20 நகரங்களை எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு, வானிலை வேறுபாடு மட்டுமே மாதச் சராசரிகளுக்கிடையே ஏறக்குறைய 15 விழுக்காடு வித்தியாசத்தை உண்டாக்கும் என்று கண்டது. வானிலையையும் சூரியக் கோணத்தையும் நீக்கிய பிறகு அந்த நகரங்களில் ஊரடங்கால் ஏற்பட்ட குறைவு 9 முதல் 43 விழுக்காடு வரை இருந்தது; இடைநிலை எண் சுமார் 22. நகரத்துக்கு நகரம் இவ்வளவு வேறுபாடு இருப்பதால், எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் ஒரே எண்ணைத் தேடுவதை விட்டுவிடுங்கள்.

எளிய முறையில் வானிலையைக் கையாள இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈரா-5 என்னும் வானிலைத் தரவுத் தொகுப்பிலிருந்து சென்னைக்கு மேல் பிற்பகல் ஒன்று முதல் இரண்டு மணி வரையிலான காற்றின் வேகத்தையும் திசையையும் எடுத்து, இரண்டு ஆண்டுகளிலும் ஒத்த காற்றுள்ள நாட்களை மட்டும் வைத்துச் சராசரி காண்பது. நாட்கள் குறையும், ஆனால் ஒப்பீடு தூய்மையாகும்.

இரண்டாவது வழி, விகிதத்தின் விகிதம். இதைக் கற்பனை எண்களால் விளக்குகிறேன். 2019இல் ஊரடங்குக்கு முந்தைய காலத்துக்கு இணையான நாட்களில் அளவு 100, ஊரடங்குக்கு இணையான நாட்களில் 90 என்று வைத்துக்கொள்வோம். 2020இல் முன்பு 95, ஊரடங்கில் 55. முன்பின் ஒப்பீடு மட்டும் செய்தால் 95இலிருந்து 55, அதாவது 42 விழுக்காடு குறைவு. சென்ற ஆண்டோடு மட்டும் ஒப்பிட்டால் 90இலிருந்து 55, அதாவது 39 விழுக்காடு. ஆனால் பருவ மாற்றமே 2019இல் 0.90 என்ற விகிதத்தைக் கொடுத்தது. 2020இன் விகிதம் 0.579. இரண்டையும் வகுத்தால் 0.643. ஆக, பருவத்தை நீக்கிய குறைவு 36 விழுக்காடு. மூன்று எண்களும் ஒரே தரவிலிருந்து வந்தவை. மூன்றையும் வெளியிட்டு, எதை ஏன் முதன்மையாகக் கொள்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

இந்த எண்ணின் உறுதியை அறிய, ஊரடங்கு நாட்களின் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் நாட்களை எடுத்து, ஒரு நாள் இருமுறை வந்தாலும் ஏற்று, அதே எண்ணிக்கையில் புதிய பட்டியல் அமைத்துச் சராசரியை மறுபடி கணக்கிடுங்கள். இதை ஆயிரம் முறை செய்தால் கிடைக்கும் விடைகளில் நடுவிலுள்ள 95 விழுக்காடு எந்த எல்லைகளுக்குள் இருக்கிறதோ, அதுவே உங்கள் எண்ணின் பிழை வரம்பு. சென்னைக்கு 36 என்று வந்து, வரம்பு 10 முதல் 55 வரை விரிந்தால், ‘குறைந்திருக்கிறது’ என்பதற்கு மேல் எதையும் அழுத்திச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.

விடையைச் சோதித்தல்

ஊரடங்கால் அதிகம் மாறாத இடங்களை நோக்கி அதே கணக்கைத் திருப்புங்கள். ஏப்ரல் மாதத்தில் வங்கக் கடலின் நடுப்பகுதி பெரிய மாற்றம் எதையும் காட்டக் கூடாது. காட்டினால் உங்கள் முறையிலோ பதிப்பு எண்ணிலோ பிழை இருக்கிறது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி நிலையங்களும் மத்தியப் பிரதேச, உத்தரப் பிரதேச எல்லையிலுள்ள சிங்க்ரௌலி வட்டாரமும் நல்ல சோதனை இடங்கள். மின்தேவை குறைந்ததால் நிலக்கரி மின் உற்பத்தியும் அந்த வாரங்களில் குறைந்தது, ஆனால் நின்றுவிடவில்லை. ஆகவே தில்லியின் நடுவில் பெரிய வீழ்ச்சியும், சிங்க்ரௌலியில் அதைவிடச் சிறிய வீழ்ச்சியும் வந்தால், உங்கள் கணக்கு உலகத்தோடு ஒத்துப்போகிறது. அப்போது பொசோகோ என்றும் இப்போது கிரிட் இந்தியா என்றும் அறியப்படும் தேசிய மின்தொகுப்பு நிறுவனத்தின் நாள்வாரி அறிக்கைகளில் மின் உற்பத்தி எண்கள் கிடைக்கும். அவற்றையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள்.

போலி நாள் சோதனையையும் தவறாமல் செய்யுங்கள். ஊரடங்கு 2019 மார்ச் 25 அன்று தொடங்கியது போலப் பாவித்து, ஓமியின் 2018, 2017 தரவோடு அதே கணக்கைச் செய்து பாருங்கள். விடை சுழிக்கு அருகில் வர வேண்டும். அதற்குப் பதிலாக 15 விழுக்காடு குறைவு வந்தால், உங்கள் உண்மையான விடையிலும் அந்த அளவுக்குத் தற்செயல் கலந்திருக்கலாம்.

தரைநிலையங்களையும் விட்டுவிடாதீர்கள். சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி ஆகிய இடங்களில் அக்காலத்தில் இயங்கிய தொடர் கண்காணிப்பு நிலையங்களின் அளவுகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் உள்ளன. அவற்றில் பிற்பகல் ஒன்று முதல் இரண்டு மணி வரையிலான எண்களைத் தனியே எடுத்துச் செயற்கைக்கோளோடு ஒப்பிடுங்கள். பிறகு நாள் முழுவதுக்குமான சராசரியைப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், செயற்கைக்கோள் பார்க்காத நெரிசல் நேரங்களின் கதையைச் சொல்லும். தரைக் கருவிகளிலும் நாட்கணக்கில் ஒரே எண் திரும்பத் திரும்ப வருவதுண்டு. அது அளவீடு அல்ல, பழுது, நீக்கிவிடுங்கள்.

வேறொரு மாற்றமும் அதே வாரத்தில் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் 6 விதிமுறை நடைமுறைக்கு வந்து, எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வாகனங்களின் நைட்ரஜன் ஆக்சைடுகளை அது ஒரே நாளில் குறைத்திருக்காது என்பதால் திடீர் வீழ்ச்சிக்கு அதைக் காரணமாக்க முடியாது. ஆனால் 2022க்குப் பிந்தைய ஆண்டுகளை ஒப்பீட்டில் சேர்ப்பவர்கள் வாகனத் தொகுதியே மாறிவருவதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

தூசும் ஓசோனும்

நுண்துகள்களை அளக்க விரும்புவோர் நாசாவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களிலுள்ள மோடிஸ் கருவி தரும் ஏரோசால் ஒளியியல் தடிமனை, அதாவது காற்றிலுள்ள துகள்கள் ஒளியை எந்த அளவுக்குத் தடுக்கின்றன என்பதைக் காட்டும் எண்ணைப் பயன்படுத்தலாம். ஆனால் அங்கே விளக்கம் கடினமாகிறது. 2020 மார்ச் 31 முதல் ஏப்ரல் 5 வரை வட இந்தியாவின் மேல் இந்தத் தடிமன் அப்பருவத்துக்கு 20 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்ததாக நாசா அறிவித்தது. மார்ச் 27ஐ ஒட்டி அங்கே பரவலாகப் பெய்த மழையும் காற்றைக் கழுவியிருந்தது. மழைக்குப் பிறகு வழக்கம்போல் மாசு ஏறாமல் இருந்ததுதான் ஊரடங்கின் அடையாளம். தென்னிந்தியாவிலோ அதே நாட்களில் தடிமன் முந்தைய நான்கு ஆண்டுகளை விடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. வானிலை, காட்டுத்தீ, வயல் எரிப்பு, காற்றின் போக்கு என்று பல காரணங்கள் இருக்கக்கூடும். ‘இந்தியா முழுவதும் காற்று தூய்மையானது’ என்று எழுதியவர்கள் நம் பகுதியின் வரைபடத்தைப் பார்க்கத் தவறிவிட்டார்கள்.

நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைந்தால் எல்லாமே குறையும் என்பதும் இல்லை. பெய்ஜிங்கில் 2020 பிப்ரவரியில், ஊரடங்கின் நடுவிலேயே, அடர்ந்த நுண்துகள் மூட்டம் கவிந்தது. தேங்கிய காற்றும் ஈரப்பதமும் வேதிவினைகளும் அதற்குக் காரணமாயின. நகரங்களில் ஓசோனை அழிக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைந்ததால், பல இடங்களில் தரையளவு ஓசோன் உயர்ந்தது.

வெளியிடும்போது

இரண்டு வரைபடங்களுக்கும் ஒரே நிற அளவுகோலை, ஒரே மேல் எல்லையோடு பயன்படுத்துங்கள். மாற்றத்தைக் காட்டும் மூன்றாவது படத்தில், இயல்பான அளவே மிகச் சிறிதாக உள்ள கடல், காடு போன்ற இடங்களை மறைத்துவிடுங்கள். சிறு எண்ணைச் சிறு எண்ணால் வகுத்து வரும் 80 விழுக்காடு, பார்ப்பவரின் கண்ணை நகரத்திலிருந்து இழுத்துவிடும். படத்தின் கீழே கருவியின் பெயர், பதிப்பு எண், தரக்குறியீட்டின் எல்லை, இரு காலங்களின் நாட்கள், கிடைத்த நல்ல நாட்களின் எண்ணிக்கை, பிழை வரம்பு ஆகிய ஆறையும் எழுதுங்கள். ‘பிற்பகலில் அளக்கப்பட்ட, கீழடுக்குக் காற்றுத் தூணிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு’ என்ற முழுத் தொடரையும் ஒருமுறையாவது பயன்படுத்துங்கள். அதன் பிறகு சுருக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

முறை கைவந்த பிறகு, 2021 மே 10 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய ஊரடங்குக்கும் அதைப் பொருத்திப் பாருங்கள். அம்மாதத்தில் அரபிக் கடலில் டவ்தே புயலும் வங்கக் கடலில் யாஸ் புயலும் வந்தன. ஆலைகளில் பல முந்தைய ஆண்டைப் போல முழுவதும் நிற்கவில்லை. ஒப்பீட்டுக்கு 2020 மே மாதத்தை எடுக்கவும் முடியாது. எந்த ஆண்டுகளை இயல்பானவை என்று கொள்வீர்கள், எந்த நாட்களை விலக்குவீர்கள் என்பதைத் தரவை இறக்குவதற்கு முன்பே தாளில் எழுதித் தேதியிட்டு வையுங்கள்.